வற்றிய ஆற்றில் ஒரு சாமத்தியவீடு

ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமைக் காலை. ஜேர்மனியின் வேசர் ஆற்றின் நடுவே, ஒரு சின்னப் படகின் முன் நுனியில், பட்டு வேட்டியும் சால்வையுமாக நான் குந்தியிருக்கிறேன். எனக்கு எதிரே என் தங்கச்சி சுகந்தியின் மகள் அபி. வயது பதின்மூன்று. காஞ்சிபுரம் சேலை, இடுப்பில் ஒட்டியாணம், கழுத்து வலிக்கும் அளவுக்குத் தலையில் பூ. பின்னால் மோட்டாரைப் பிடித்தபடி படகுக்காரர் ஹோர்ஸ்ட். கரையில் இருநூறு சனம். நாதஸ்வரம் கிழித்துக்கொண்டு போகிறது.

படகுதான் அசையவில்லை. ஆறு இருக்கிறது, படகு இருக்கிறது, மேளம் இருக்கிறது, மாமன் இருக்கிறான். தண்ணீர் இல்லை.

போன கிழமை நான் குடிபான வண்டி ஓட்டிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த இரண்டு மூன்று பேர் கூப்பிட்டு, அந்தப் பெரிய வெயில் வருடத்தை ஏன் விட்டுவிட்டீர் என்று கேட்டார்கள். விடவில்லை ஐயா, பொத்தி வைத்திருந்தேன். இதை எழுதக் கொஞ்சம் துணிவு வேண்டியிருந்தது. என் தங்கச்சியும் இந்த இதழை வாங்கிப் படிக்கிறவள்.

திறக்காத தாமரை

எங்கள் சனம் ஜேர்மனியில் சாமத்தியவீடு செய்வதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பெண்பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் தலையில் தண்ணீர் வார்ப்பான், ஆலாத்தி எடுப்பார்கள், சோறு போடுவார்கள். விஷயம் அவ்வளவுதான். இங்கே வந்த பிறகு அதற்கு ஒரு வால் முளைத்தது. பிள்ளை மண்டபத்துக்குள் எப்படி நுழைகிறாள் என்பதுதான் இப்போது விழாவே.

ஒரு வீட்டில் குதிரை வண்டி. அடுத்த வீட்டில் கூரை திறந்த வெள்ளைக் கார். பிராங்பேர்ட் பக்கம் ஒருவர் பல்லக்குச் செய்வித்தார். அது மண்டபத்து வாசலைவிட அகலம் என்பது பிள்ளையை ஏற்றித் தூக்கிய பிறகுதான் தெரிந்தது.

பீலெஃபெல்டில் நானே கண்ணால் கண்டது ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் செய்த தாமரை. பிள்ளை உள்ளே இருப்பாள், புகை வரும், இதழ்கள் விரியும். அன்றைக்குப் புகை வந்தது, இதழ் விரியவில்லை. உள்ளேயிருந்து இருமல் சத்தம். பத்து நிமிடம் கழித்துத் தகப்பன் சமையல்காரரிடம் கத்தி வாங்கி ஒரு இதழை வெட்டி எடுத்தார். வெளியே வந்த பிள்ளை முதலில் கேட்டது ஒரு கிளாஸ் தண்ணீர். மண்டபமே மூச்சுப் பிடித்திருந்த நேரத்தில் நான் ஒருவன்தான் சிரித்தேன். என் மனைவி மலர் தொடையில் கிள்ளிய இடம் ஒரு கிழமை கன்றியிருந்தது.

இந்தப் போட்டிக்கு நடுவில்தான் அபி பெரியவளானாள். சுகந்தி சும்மா இருப்பாளா? ஃப்ளோத்தோ என்ற ஊரில் ஆற்றங்கரையோடு ஒரு மண்டபம் பிடித்தாள். ஐயரிடம் கேட்டு நாளும் வைத்துவிட்டாள். பிள்ளை மட்டும் வாயைத் திறக்கவில்லை.

எப்படி வரப்போகிறாய் என்று எல்லாரும் கேட்டுக் கேட்டு அவளை அரித்தோம். கடைசியில் ஒருநாள் அவள், படகில் வந்தால் செய்வேன், இல்லாவிட்டால் எனக்கு விழாவே வேண்டாம் என்றாள். சுகந்தி தலையில் கை வைத்தாள். படகுக்கு நான் எங்கே போவேன் என்று கேட்டாள்.

பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த நான் துள்ளி எழும்பினேன். படகு மாமனுடைய பொறுப்பு என்று நெஞ்சில் தட்டிச் சொன்னேன். அபி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நன்றி சொல்லுகிற பார்வை என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தக் கோடை முழுக்க அதே நினைப்போடுதான் திரிந்தேன்.

காலை ஆறு மணிக் குரல்

வசந்தகாலத்தில் ஆறு நிறைந்து ஓடியது. ஹோர்ஸ்ட் அறுபது வயதுக்காரர், உல்லாசப் பயணிகளுக்காக ஒரு வெள்ளைக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தார். மேளக்காரர், தோழிப் பிள்ளைகள், வீடியோக்காரர், ஆலாத்தித் தட்டுகளோடு மாமிமார் என்று இருபது பேர் அதில் வருவதாகப் பேசிக் கைகொடுத்துக்கொண்டோம். ஜேர்மனியில் தமிழ்ப் பிள்ளை கப்பலில் வருவது இதுதான் முதல் தடவை என்று நான் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் மறுக்கவில்லை.

பிறகு மழை நின்றது. வைகாசியில் பெய்யவில்லை. ஆனியில் கார்க் கண்ணாடியை அழுக்காக்கும் அளவுக்கு நாலு துளி. ஆடியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாகவே கிடந்தது. முதலில் எல்லாருக்கும் கொண்டாட்டம்தான். என் கடை முதலாளி அரைக் காற்சட்டையோடு வேலைக்கு வந்தார். மலர் பால்கனியில் மிளகாய் காயப்போட்டாள், ஒரே நாளில் காய்ந்தது.

ஹோர்ஸ்ட் எனக்கு ஒரு தொலைபேசி எண் தந்தார். அதைக் கூப்பிட்டால் பதிவு செய்த ஒரு பெண்குரல், எந்த ஊரில் ஆறு எத்தனை சென்ரிமீற்றர் நிற்கிறது என்று வாசிக்கும். ஆற்றங்கரையில் நட்டிருக்கிற அளவுகோலுக்குப் பேகல் என்று பெயர். கப்பல்காரருக்கு அதுதான் பஞ்சாங்கம்.

காலை ஆறு மணிக்கு வண்டியில் ஏறியதும் எனக்கு முதல் வேலை அந்தக் குரலைக் கேட்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் கழிவறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு கேட்டேன். ஒருநாள் மலர் வெளியே நின்று, யார் அந்தப் பெண் என்று கேட்டாள். வேசர் ஆறு என்றேன். போனைக் காதில் வைத்துப் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

பின்னேரம் அபி எனக்குக் கூப்பிடுவாள். இன்றைக்கு எவ்வளவு மாமா என்று கேட்பாள். நேற்றையிலும் குறைவு என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் சின்னதாக ஒரு மூச்சுச் சத்தம் கேட்கும். பிள்ளை விம்முகிறாள் என்று நினைப்பேன். கவலைப்படாதே, மாமன் இருக்கிறேன் என்பேன். அந்தச் சத்தம் இன்னும் கூடும்.

நாலாம் மாடி

ஆற்றுக்கு வந்த வினை மனிதரையும் விடவில்லை. கடையில் தண்ணீர்ப் பெட்டிகள் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். லிப்ட் இல்லாத கட்டடங்களில் நாலாம் மாடிக்குப் பெட்டி தூக்கினேன். அங்கே தனியாக இருக்கிற வயதானவர்களின் அறைகள் ரொட்டி சுடுகிற போறணை மாதிரி இருந்தன. குளிருக்கென்று கட்டிய வீடுகள், உள்ளே போன வெக்கை இரவிலும் வெளியே போகாது.

லம்பெர்ட் என்ற ஒரு அம்மா, தனக்குத் தாகமே எடுப்பதில்லை என்று பெருமையாகச் சொல்வார். தாகம் எடுக்காததுதான் ஆபத்து என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். நான் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்து, குடித்து முடிக்கும் வரைக்கும் வாசலிலேயே நிற்பேன். அவர் என்னை ஏசி ஏசிக் குடிப்பார். என் முதலாளி, ஒரு பெட்டி இறக்க உனக்கு இருபது நிமிடமா என்று என்னை ஏசுவார்.

இன்னொரு கட்டடத்தில் ஒரு தாத்தா. மூன்று தரம் மணி அடித்தும் கதவு திறக்கவில்லை. எங்காவது போயிருப்பார் என்று பெட்டியை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த கிழமை போனபோது பெட்டி அப்படியே இருந்தது, மணிக்குப் பக்கத்தில் இருந்த பெயர் கழற்றப்பட்டிருந்தது. அன்று நான் பக்கத்து வீட்டைத் தட்டியிருக்கலாம்.

ஊர்களுக்கு இடையில் வண்டி ஓட்டும்போது சோளம் இடுப்பளவில் நின்று மஞ்சளாகியிருந்தது. வெள்ளைப் பட்டை பூர்ச்ச மரங்கள் ஆடியிலேயே இலை கொட்டின. எங்களிடம் பியர் வாங்குகிற ஒரு கமக்காரர், இரண்டாம் முறை புல் வெட்ட வயலில் புல் இல்லை, மாரிக் குளிருக்கு மாட்டுத் தீனி கிடையாது என்று ஆறு மாடுகளை விற்றுவிட்டார். அதைச் சொல்லும்போது மாடுகளைப் பெயர் சொல்லியே சொன்னார்.

அம்மனுக்கு ஒரு வரைபடம்

திருவிழாவுக்கு எல்லாருமாக ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போனோம். கோயில் வீதியில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. நான் அம்மனிடம் நேர்த்தி வைத்தேன். நேர்த்தி என்றால் சும்மா நேர்த்தி இல்லை. அம்மா, மழை வேண்டும், ஆனால் காசலுக்கு மேலே, ஆறு வருகிற மலைப் பக்கம் மட்டும் பெய்ய வேண்டும், ஃப்ளோத்தோவில் பெய்யக் கூடாது, எங்கள் சமையல் பந்தல் வெளியே போட்டிருக்கிறது என்று விளக்கமாகச் சொன்னேன். திரும்பும்போது மலரிடம் இதைச் சொல்லிவிட்டேன். பிழை என்னுடையது.

“அம்மனுக்கு ஒரு மப்பும் கொண்டுவந்து குடுத்திருக்கலாமே,” என்றாள்.

எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி அபி கண்ணை மூடிக் கைகூப்பி வெகுநேரம் நின்றாள். மற்றப் பிள்ளைகள் ஐஸ்கிறீமுக்கு ஓடிவிட்டார்கள், இவள் அசையவில்லை. பாவம் பிள்ளை, ஆற்றுக்காகக் கும்பிடுகிறாள் என்று சுகந்திக்குக் காட்டினேன். சுகந்திக்கும் கண் கலங்கிவிட்டது.

சிப்பிகள்

ஆடிக் கடைசியில் ஹோர்ஸ்டைப் பார்க்கப் போனேன். வெள்ளைக் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து கரையோடு கிடந்தது. பயணிகளை ஏற்றி ஐந்து கிழமையாகிறது என்றார். வா, ஆற்றுக்குள் நடப்போம் என்று கூட்டிக்கொண்டு போனார். சப்பாத்து நனையாமல் ஆற்றுக்குள் நடந்தேன். சைக்கிள் ஒன்று கிடந்தது, ஒரு குழந்தை வண்டில் கிடந்தது, யாரோ தொலைத்த ஒற்றைப் பல்செட்டும் கிடந்தது.

ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் நிதானமாக விரல் மடக்கினார். மாரியில் மலையில் பனி குறைவு. வசந்தத்தில் மழை வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு காற்றழுத்தம் ஐரோப்பாவின் மேல் வந்து குந்திக்கொண்டது, வீட்டுக்கு வந்து எழும்பிப் போகாத விருந்தாளி மாதிரி. மேற்கிலிருந்து வருகிற மழையெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போகிறது. மண் காய்ந்துபோனால் மேலே போக ஈரமும் இல்லை, ஈரம் இல்லையென்றால் உள்ளூர் மழையும் இல்லை. வெயில் வெயிலையே வளர்க்கிறது என்றார்.

மனிதரும் சும்மா இருக்கவில்லை என்றும் சொன்னார். ஆற்றோரத்துச் சதுப்பு வயல்கள் முன்பு தண்ணீரைக் குடித்து வைத்திருந்து கோடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்குமாம். அவற்றையெல்லாம் வாய்க்கால் வெட்டி வடித்து, ஆற்றையும் நேராக்கிவிட்டார்கள். வருகிற தண்ணீர் நிற்காமல் கடலுக்கு ஓடிவிடுகிறது. மேலே மலைக்குள் ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது, மற்ற வருடங்களில் ஆறு மெலிந்தால் அதைத் திறந்துவிடுவார்கள். இந்த முறை அதுவே வற்றி, எப்போதோ மூழ்கடித்த ஊரின் பாலம் வெளியே வந்துவிட்டது. சனம் அதில் நடந்து படம் எடுக்கிறதாம்.

காலடியில் கையளவு ஆற்றுச் சிப்பிகள் சேற்றோடு காய்ந்து கிடந்தன. பாதி வாய் திறந்தவை, செத்தவை. மூடியிருக்கிறவை உயிரோடு இருக்கின்றன என்று ஹோர்ஸ்ட் குனிந்து பொறுக்கி நடு ஆற்றுக்குள் எறிந்தார். நானும் எறிந்தேன். ஒதுக்குப்புறமாக ஒரு குட்டையில் மீன்கள் நெருக்கியடித்து மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. தண்ணீர் சூடானால் அதில் மூச்சுக் குறைந்துவிடும் என்றார். தூண்டில் சங்கத்து ஆட்கள் பின்னேரம் வாளியோடு வந்து அள்ளிப்போய் ஆற்றில் விடுவார்களாம். நாரைகளுக்கு மட்டும் அந்த வருடம் கலியாணச் சாப்பாடு.

இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? அப்போ எங்கள் படகு? எனக்கே என்னைக் காறித் துப்ப வேண்டும் போல் இப்போது இருக்கிறது. ஹோர்ஸ்ட் கோபிக்கவில்லை. தட்டையான அடிப்பாகத்தோடு ஒரு சின்ன மோட்டார்ப் படகு இருக்கிறது, அதில் பார்க்கலாம், ஆனால் ஆட்களைக் குறை என்றார்.

ஆள் குறைப்பு

குறைத்தேன். முதலில் தவில் போனது, அதன் பாரம் அப்படி. தவில் இல்லாமல் நாதஸ்வரமா என்று வித்துவானும் கரையில் நின்றுகொண்டார். அடுத்த கிழமை பேகல் இன்னும் இறங்கியது, தோழிப் பிள்ளைகள் நாலு பேரும் போனார்கள். அவர்களுடைய தாய்மார் இருவர் என்னோடு கதைப்பதையே விட்டார்கள். அதற்கடுத்த கிழமை வீடியோக்காரரும் மாமிமாரும். கடைசிக் கிழமையில் மலர்.

மலரைக் கழித்ததுதான் பெரிய சோலி. என்னைவிட நீங்கள் பாரம் குறைவோ என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் எங்கள் குளியலறைத் தராசுக்கே தெரியும். தாய்மாமன் இல்லாமல் பிள்ளை எப்படி வருவாள் என்று முறையைச் சொல்லித் தப்பினேன்.

விழாவுக்கு முதல் நாள் மாலை ஹோர்ஸ்ட் கூப்பிட்டார். நீர்த்தேக்கத்தில் திறந்துவிடும் தண்ணீரை இன்னும் குறைத்துவிட்டார்கள், இரவோடு இரவாக ஆறு இறங்கும், இதை விட்டுவிடுவோம் என்றார். நான் கெஞ்சினேன். எங்கள் ஐயர் குறித்த நல்ல நேரம் பதினொன்றே முக்காலோடு முடிகிறது, அதற்குள் பிள்ளை மண்டபத்துக்குள் காலடி வைக்க வேண்டும், தவறினால் அன்றைக்கு வேறு நேரமே இல்லை என்று எனக்குத் தெரிந்த ஜேர்மன் முழுவதையும் கொட்டினேன். அப்படியென்றால் இது கடவுளோடு வைத்த டெர்மின், தவறவிடக் கூடாதுதான் என்றார். முன்கூட்டிக் குறித்த நேரத்தைச் சொல்லுகிற டெர்மின் என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் இருக்கிற மரியாதையை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

சரளை மேடு

காலையில் மண்டபத்திலிருந்து இரண்டு வளைவுக்கு மேலேயுள்ள ஒரு இறங்குதுறையில் ஏறினோம். நான் காலை வைத்ததும் படகு ஒருதரம் முக்கியது. ஹோர்ஸ்ட் என்னையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். மோட்டார் மெல்ல உறுமியது. கரையில் சைக்கிள்காரர்கள் நின்று கைகாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழும்பி நின்று கும்பிட்டேன்.

வளைவு திரும்பியதும் மண்டபம் தெரிந்தது, சனம் தெரிந்தது, நாதஸ்வரம் தொடங்கியது. அடுத்த நிமிடம் அடியில் கர் என்று ஒரு சத்தம். படகின் முன்பக்கம் சரளை மேட்டில் ஏறிக் குந்திவிட்டது. கரைக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு கல்லெறி தூரம். ஹோர்ஸ்ட் பின்னுக்கு இழுத்துப் பார்த்தார், சேறுதான் கலங்கியது. மணி பதினொன்று பத்து.

அபி குனிந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பயப்படாதே பிள்ளை என்று முதுகைத் தடவினேன். அவள் நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, வாயெல்லாம் சிரிப்பு.

“மாமா, நான் அழேல்ல.”

எனக்கு விளங்கவில்லை.

“படகு கிடைக்காது எண்டுதான் நான் படகு கேட்டனான். நீங்கள் கொண்டு வந்திட்டீங்கள்.”

பின்னேரங்களில் போனில் கேட்ட அந்தச் சத்தம் விம்மல் இல்லை. ஆறு இறங்குகிறது என்று கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். கோயிலில் நான் மழை கேட்டேன், கொஞ்சம் தள்ளி நின்று இவள் மழை வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். அம்மன் யாருக்குக் காது கொடுத்தாள் என்று ஆற்றைப் பார்த்தாலே தெரிந்தது.

“அம்மா என்ரை டீச்சரையும் கூப்பிட்டிருக்கிறா. என்ன விழா எண்டு டீச்சர் கேட்டவ. என்ன சொல்லுறது? மேடையில சாமத்தியவீடு எண்டு பெரிசா எழுதி வைச்சிருக்கினம். பைன்லிஷ், மாமா. என்ரை உடம்பிலை நடந்ததை ஏன் எல்லாருக்கும் சொல்லோணும்?”

பைன்லிஷ் என்பது இங்கத்தைப் பிள்ளைகள் வெட்கம் தாங்க முடியாதபோது சொல்லுகிற சொல். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது. அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“சொன்னனான். நாலு தரம். அம்மாக்குக் கேக்கேல்ல.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மாவுக்கு மட்டுமா கேட்கவில்லை? தினமும் போனில் பேசின மாமனுக்குக் கேட்டதா? ஒரு பிள்ளை தப்புவதற்குச் செய்துவைத்த ஒரே வழியை அடைக்க, நாலு மாதம் ஓடித் திரிந்தவன் நான்தான்.

எழும்பாத மாமன்

அப்போதுதான் ஹோர்ஸ்ட் என்னைக் கூப்பிட்டார். விஷயம் சின்னது என்றார். பாரம் முழுக்க முன்னுக்கு இருக்கிறது, நீ எழும்பி இங்கே பின்னுக்கு வந்தால் முன்பக்கம் மிதக்கும், ஐந்து நிமிடத்தில் கரைக்குப் போய்விடலாம்.

மணியைப் பார்த்தேன். பதினொன்று இருபது, நல்ல நேரம் முடிய இன்னும் இருபத்தைந்து நிமிடம். அபி என்னைப் பார்த்தாள்.

முடியாது என்றேன் ஹோர்ஸ்டிடம். கால் மரத்துவிட்டது என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றிக்கொண்டார். என் போன் அடித்தது. மச்சான் யோகன், சுகந்தியின் புருசன். கரையில் நின்று கையை ஆட்டுவதும் தெரிந்தது. அடிக்க விட்டேன். மேளக்காரருக்குப் பிள்ளை வரும் வரைக்கும் வாசிக்கச் சொல்லியிருந்தது. அவர்கள் பாவம், கன்னம் வீங்க வீங்க வாசித்தார்கள்.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. படகு போக முடியாத ஆற்றில் ஆள் நடக்க முடியும்.

சுகந்தி நடந்து வந்தாள். செருப்பைக் கையில் பிடித்து, கூறைச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, ஆற்றைப் பிளந்துகொண்டு வந்தாள். கரையில் நின்ற சைக்கிள்காரர்கள் கைதட்டினார்கள், அதுவும் விழாவில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். அவள் படகின் மூக்கில் கை வைத்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“அண்ணை, எழும்பிப் பின்னுக்குப் போங்கோ. அந்த மனிசன் அப்ப தொடக்கம் கையைக் காட்டுறார்.”

“நேரம் எத்தினை?”

“பதினொண்டரை.”

“அப்ப இன்னும் கால் மணித்தியாலம் இதிலைதான் இருப்பன்,” என்றேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு இவளிடம் பயம். “ஏன் எண்டு பிள்ளையைக் கேள். நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்ல.”

சுகந்தி மகளைப் பார்த்தாள்.

“அம்மா, எனக்கு மேடையில ஏற விருப்பமில்லை,” என்றாள் அபி. சத்தம் போடவில்லை. ஐந்தாம் தரம் சொல்லுகிறவள் மாதிரித்தான் சொன்னாள்.

“இருநூறு பேர் நிக்கினம், பிள்ளை.”

“ஓம் அம்மா. அதுதான்.”

சுகந்தி திரும்பிக் கரையைப் பார்த்தாள். நான் ஏச்சு வாங்கத் தயாரானேன். தண்ணீர் அவளுடைய முழங்காலைத் தொடவில்லை. பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

“எனக்குச் சாமத்தியவீடு செய்தேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?”

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பந்தலுக்கு வாழை கட்டிக்கொண்டு நின்றேன் என்றேன்.

“நான் அறையைப் பூட்டிப்போட்டு, வரமாட்டன் எண்டு அழுதனான். கதவை உடைச்சுத்தான் கூட்டிக்கொண்டு போனவை. போட்டோவிலை கண் வீங்கியிருக்கும், பாருங்கோ. புகை பட்டது எண்டு எல்லாருக்கும் சொன்னவை.”

அந்தப் போட்டோ என் அல்பத்திலும் இருக்கிறது. எத்தனையோ வருடமாக நானும் புகை என்றுதான் நினைத்திருந்தேன்.

“கையைத் தாங்கோ,” என்றாள்.

என்னைப் பிடித்து இழுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் கையை நீட்டினேன். அவள் செருப்பைப் படகுக்குள் எறிந்தாள், என் கையைப் பிடித்துத் தொங்கி ஏறினாள், காலிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து எனக்குப் பக்கத்தில், அந்த முன் நுனியிலேயே, என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அடியில் சரளை நொறுங்கிப் படகு இன்னும் ஒருபடி கீழே இறங்கியது.

ஹோர்ஸ்ட் கோப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். நீங்கள் இரண்டு பேரும் அதில் இருந்தால் நாளைக்கு மழை பெய்தாலும் இது அசையாது என்றார். அபி தாய்க்கு அதை மொழிபெயர்த்தாள். சுகந்தி தலையாட்டினாள். பிறகு இரண்டு கையையும் வாயில் குவித்து, மேளச் சத்தத்துக்கு மேலால் கரையில் நின்ற யோகனைக் கூப்பிட்டாள்.

“இஞ்சருங்கோ, சனத்துக்குச் சோத்தைப் போடச் சொல்லுங்கோ. நாங்கள் வரப் பிந்தும்.”